ஏசி அறைக்குப் போதவில்லையா, பெரிதாகிவிட்டதா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

கடைக்குள் நுழைந்ததும் வரும் முதல் கேள்வி, "ரூம் எத்தனைக்கு எத்தனை சார்?" பத்துக்குப் பன்னிரண்டு என்றால் 1 டன். பன்னிரண்டுக்குப் பதினைந்து என்றால் 1.5 டன். ஹால் என்றால் 2 டன். கொஞ்சம் யோசித்து நின்றால், "ஒரு சைஸ் பெரிசாவே போட்டுடுங்க, சேஃப்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். தலைக்கு மேலே இன்னொரு வீடா, மொட்டை மாடியா என்று கேட்பவர்கள் குறைவு. ஜன்னல் எந்தத் திசை, பாத்ரூம் ஒட்டி இருக்கிறதா, கதவுக்கு அடியில் எவ்வளவு சந்து என்பதெல்லாம் பேச்சிலேயே வராது. அறைக்குள் எவ்வளவு சூடு வருகிறது என்பதைத் தீர்மானிப்பவை இவைதான். தரையின் சதுர அடி அதில் ஒரு பங்கு மட்டுமே.

ஏசி சரியாக வேலை செய்யவில்லை என்று தோன்றினால், டன் மாற்றுவதற்கு முன் அறிகுறியைப் பாருங்கள். ஒரே அறிகுறிக்கு மெஷின் கோளாறும் காரணமாக இருக்கலாம், அறையும் காரணமாக இருக்கலாம், டன்னும் காரணமாக இருக்கலாம். மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் பெரிய ஏசி வாங்குவது, பல வீடுகளில் பணத்தைக் கொட்டி இன்னொரு தொந்தரவை வாங்குவதாகத்தான் முடிகிறது.

கையில் இரண்டு பொருள் போதும்: நுனியில் சென்சார் வயர் வைத்த சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, அறையின் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று. இரண்டுமே சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். சோதனையை நல்ல வெயில் நாளில் செய்யுங்கள். மார்கழியில் எந்த ஏசியும் நல்ல ஏசிதான்.

டன் கணக்கைப் பற்றி ஒன்று மட்டும். ஒரு டன் என்பது ஏசி ஒரு மணி நேரத்தில் 12,000 பி.டி.யு. வெப்பத்தை அறையிலிருந்து எடுத்து வெளியே தள்ளும் வேகம். வாட்டில் சொன்னால் சுமார் 3,500. கீழே எல்லாக் கணக்கையும் வாட்டிலேயே சொல்கிறேன், ஏனென்றால் ஏசியின் ஸ்டார் லேபிளிலும் குளிரூட்டும் திறன் வாட்டில்தான் அச்சாகியிருக்கும்.

"நாள் பூரா ஓடுது, குளிர் ஏறவே மாட்டேங்குது"

உங்களுடையது இன்வெர்ட்டர் ஏசி என்றால், கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுவது தவறே அல்ல. அது நிற்பதற்குப் பதில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். அறை 25 டிகிரிக்கு வந்து அங்கேயே நிற்கிறதா என்பதுதான் கேள்வி. வருகிறது, நிற்கிறது என்றால் விட்டுவிடுங்கள்.

வரவில்லை என்றால் முதலில் ரிமோட்டைப் பாருங்கள். இப்போது வரும் பல ஏசிகளில் 40, 60, 80 சதவீதத் திறனில் ஓட்டும் வசதி உண்டு. வீட்டில் யாராவது பில்லைக் குறைக்க நினைத்து 40 சதவீதத்தில் வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். 1.5 டன் மெஷின் முக்கால் டன்னுக்கும் குறைவாக வேலை செய்துகொண்டிருக்கும்; மெக்கானிக் வந்து குளிரூட்டும் கேஸைப் பார்த்துவிட்டுப் போவார். எக்கோ மோடும் அப்படியே. கூல் மோடு, முழுத் திறன், ஃபேன் ஹை என்று வைத்துவிட்டு அடுத்த சோதனைக்குப் போங்கள்.

ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவுங்கள். தெருவோர வீடுகளில் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டியிருக்கும்.

இப்போது தெர்மாமீட்டர். ரிமோட்டில் 18 வைத்து, ஃபேன் ஹையில் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். சென்சார் நுனியை இன்டோர் யூனிட்டின் மேல்பக்கம், காற்றை உள்ளே இழுக்கும் ஜாலியருகே ஒரு நிமிடம் பிடித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கீழே காற்று வெளிவரும் வாயில் பிடியுங்கள். உள்ளே சுழலும் ப்ளோயரில் வயர் மாட்டிவிடாதபடி விளிம்போடு நிறுத்துங்கள். இரண்டுக்கும் நடுவே 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது. கடலோர ஊர்களில் புழுக்கம் அதிகமான நாளில் வித்தியாசம் கொஞ்சம் குறைவாக வரும், ஏனென்றால் மெஷினின் சக்தியில் ஒரு பங்கு காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக மாற்றப் போய்விடுகிறது. ஐந்து டிகிரிகூட வரவில்லை என்றால் டன்னைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்; காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் குழாயும் தகடும்) அழுக்கு, கேஸ் கசிவு, கம்ப்ரஸர் கோளாறு இவற்றில் ஒன்று. இங்கே ஒரு எச்சரிக்கை: கேஸ் தானாகத் தேய்ந்து தீராது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் அடுத்த கோடையில் அதே செலவு திரும்ப வரும்.

வித்தியாசம் சரியாக இருந்தும் அறை குளிரவில்லையா? மாடிக்குப் போய் அவுட்டோர் யூனிட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டு அடுக்குமாடிகளில் அதிகம் கவனிக்கப்படாத இடம் இது. குறுகிய டக்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறேழு அவுட்டோர் யூனிட் மாட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றும் கக்கும் சூடான காற்று மேலே ஏறும். உச்சியில் இருக்கும் யூனிட் அந்தச் சூட்டையே மறுபடி குடிக்கும். அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கம் காற்று உள்ளே போகுமிடத்தில் தெர்மாமீட்டரைப் பிடியுங்கள். வெளியே நிழலில் 38 டிகிரியும், அங்கே 45-க்கு மேலேயும் காட்டினால் சிக்கல் பிடிபட்டுவிட்டது. லேபிளில் உள்ள திறன், வெளிக்காற்று 35 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. வெளியே சூடு ஏற ஏறத் திறன் இறங்கும், கரன்ட் கூடும். யூனிட்டைத் திறந்த இடத்துக்கு மாற்றுவது, கம்பி ஜாலியும் புறா வலையும் காற்றை மறைத்தால் எடுப்பது, இவைதான் வைத்தியம். பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடிவிட்டு அவுட்டோர் யூனிட்டை உள்ளேயே விட்ட வீடுகளும் உண்டு. அங்கே 2 டன் போட்டாலும் பயனில்லை.

மெஷினும் சரி, அவுட்டோரும் சரி என்றால் இனி அறைதான்.

கதவை மூடி, டிஷ்யூ பேப்பரை நீள நாடாவாகக் கிழித்துக் கதவின் அடிச்சந்தில் தொங்கவிடுங்கள். நாடா உள்பக்கம் தள்ளப்படுகிறதா? அடுத்து அதே நாடாவை பாத்ரூம் கதவருகே பிடியுங்கள். அட்டாச்டு பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் நாடா அந்தப் பக்கம் படபடவென்று இழுபடும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் சுமார் 34 கனமீட்டர் காற்று இருக்கிறது. சென்னையின் 35 டிகிரிப் புழுக்கக் காற்று மணிக்கு ஒருமுறை அந்த அறைக் காற்று முழுவதையும் மாற்றினால், அதைக் குளிர்விக்கவும் உலர்த்தவும் மட்டும் சுமார் 400 வாட் திறன் போகும். ஒரு சாதாரண 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் தடையில்லாமல் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் அறைக் காற்றைப் பலமுறை மாற்றிவிடும். குளிரூட்டிய காற்றை அது வெளியே தள்ள, அதே அளவு வெளிக்காற்று ஜன்னல் சந்திலும் கதவடியிலும் உள்ளே வரும். 1 டன் ஏசியின் பாதித் திறன் அதிலேயே கரைந்துபோகும். சுவிட்சை அணைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து அறையைப் பாருங்கள். பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே சிமென்ட் ஜாலி வென்டிலேட்டர் இருக்கும். திரைச்சீலை மறைப்பதால் அது நினைவிலேயே இருக்காது. அதை அக்ரிலிக் தகடோ, கண்ணாடியோ வைத்து மூடாமல் ஏசி மாட்டியவர்கள் ஏராளம்.

இத்தனையும் பார்த்து, அப்போதும் மத்தியானம் இரண்டு மணிக்கு அறை 28-க்குக் கீழே இறங்கவில்லை என்றால்தான் டன் போதவில்லை என்ற முடிவுக்கு வரலாம்.

"ராத்திரி பத்து மணி வரைக்கும் அனல், விடியக்காலம் போர்வை தேடுறோம்"

இந்தப் புகாரைச் சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது, "மேல் மாடியா?" பெரும்பாலும் ஆமாம் என்றே வரும்.

சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். கன்னியாகுமரியில் அதற்கு இரண்டு வாரம் முன்பே. கத்திரி வெயில் தொடங்கும்போது வீட்டின் எந்தச் சுவரையும்விட மொட்டை மாடிதான் அதிக வெயிலை வாங்குகிறது. வெறும் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு மத்தியானத்தில் 60 டிகிரியை ஒட்டிப் போகும். 5, 6 அங்குல ஸ்லாப் வழியாக அந்தச் சூடு கீழே வந்து சேர நான்கைந்து மணி நேரம் ஆகும். அதனால்தான் சூரியன் இறங்கிய பிறகு, நீங்கள் ஆபீஸிலிருந்து வந்து படுக்கையறையில் ஏசியைப் போடும் நேரத்தில், உச்சவரம்பு அனலைக் கொட்டத் தொடங்குகிறது.

ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டூலில் ஏறி உள்ளங்கையை உச்சவரம்பில் வையுங்கள். பிறகு அதே கையை உள்சுவரில் வையுங்கள். உச்சவரம்பு வெதுவெதுவென்று சுட்டால் வேறு சோதனையே தேவையில்லை. 120 சதுர அடி வெறும் ஸ்லாப் வழியாக உச்ச நேரத்தில் இறங்கும் சூடு சுமார் 800 வாட். கிட்டத்தட்ட கால் டன். சூடேறிய ஸ்லாப், சுவர், மெத்தை, பீரோ எல்லாவற்றிலும் பகலெல்லாம் சேர்ந்த வெப்பத்தையும் ஏசி முதல் இரண்டு மணி நேரத்தில் இழுக்க வேண்டும். விடிகாலையில் ஸ்லாப் ஆறிவிடும். அதே ஏசி அப்போது அதிகமாகத் தெரியும்.

இந்த அறிகுறிக்குப் பெரிய ஏசி வாங்குவதை நான் கடைசியில்தான் சொல்வேன். முதல் செலவை மாடியில் செய்யுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூல் ரூஃப் பெயிண்ட், அல்லது வெள்ளைத் தட்டோடு, அதற்கும் கையில் காசில்லை என்றால் சுண்ணாம்புப் பூச்சு. எதுவானாலும் வெறும் கான்கிரீட்டைவிட நல்லது. வெள்ளை மேல் தூசியும் பாசியும் படிந்தால் பலன் குறையும், பங்குனியில் ஒருமுறை தேய்த்துக் கழுவிவிடுங்கள். பச்சை நிழல்வலையைத் தளத்திலிருந்து நான்கடி உயரத்தில் கட்டினால் நல்ல பலன் தரும், ஏனென்றால் வெயில் ஸ்லாபைத் தொடுவதே இல்லை, இடையில் காற்றும் ஓடுகிறது. வலையைத் தளத்தின் மேலேயே விரித்துப் போட்டால் அந்தப் பலன் இல்லை. வாடகை வீடு, மாடியில் கை வைக்க முடியாது என்றால், உள்ளே ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் தெர்மோகோல் போன்ற வெப்பத்தடுப்புப் பலகை வைப்பது அடுத்த வழி. எதுவுமே முடியாது என்றால், அப்போது ஒரு படி பெரிய ஏசி. ஆனால் இன்வெர்ட்டராக மட்டும் வாங்குங்கள். மாலையில் முழுத் திறனிலும், விடிகாலையில் பாதிக்கும் கீழேயும் ஓட அதற்குத்தான் தெரியும்.

அனல் மாலை நான்கு மணிக்கே தொடங்கி ஏழு மணிக்கு அடங்கிவிடுகிறது என்றால் அது கூரை இல்லை, மேற்கு ஜன்னல். நேர் வெயில் விழும் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி வழியாக 500 வாட்டுக்குக் குறையாமல் உள்ளே வரும். உள்பக்கத் திரை பாதியைத்தான் தடுக்கும், கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூடு திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு மெல்ல அறைக்குள் கலந்துவிடும். வெளிப்பக்கம் மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். நம் ஊர் வீடுகளில் தாழ்வாரத்துக்குக் கீற்றுத் தட்டி கட்டிய பழக்கம் இதற்குத்தான் வந்தது.

"ஜில்லுனு இருக்கு, ஆனா பிசுபிசுன்னு இருக்கு"

இதுதான் பெரிய ஏசியின் புகார். கடைகளில் யாரும் எச்சரிக்காத புகாரும் இதுதான். படுக்கை விரிப்பு லேசாக ஈரமாகத் தெரியும். அலமாரியில் துணி பூஞ்சை வாசம் அடிக்கும். 22 வைத்தாலும் திருப்தியில்லை, இன்னும் குறைத்து 20 வைப்பார்கள்; குளிர் நடுக்கும், புழுக்கம் போகாது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடற்காற்று வரும் ஊர்களில்தான் இது அதிகம். வேலூரிலும் திருச்சியிலும் கோடைக் காற்று உலர்ந்திருப்பதால் அங்கே இதே தவறு வெளியே தெரியாமல் போகும்.

நடப்பது இதுதான். காற்றிலுள்ள ஈரம் காயிலில் பட்டுத் துளியாகி, ட்ரெயின் பைப்பில் வடிய வேண்டும். ஏசியைப் போட்ட முதல் சில நிமிடங்களில் காயில் இப்போதுதான் குளிர்ந்துகொண்டிருக்கும். துளிகள் அதன் தகடுகளில் ஒட்டிக்கொண்டிருக்குமே தவிர வடியத் தொடங்கியிருக்காது. அளவுக்கு மிஞ்சிய டன் என்றால் அதற்குள் அறை வெப்பம் இறங்கி, தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை அணைத்துவிடும். ஃபேன் மட்டும் சுழலும். காயிலில் ஒட்டியிருந்த தண்ணீர் திரும்பவும் ஆவியாகி அறைக்குள்ளேயே வரும். வெப்பம் குறைந்தது, ஈரம் அப்படியே இருக்கிறது.

உறுதி செய்ய மூன்று விஷயம் பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறதா? நல்ல நிலையில் 50 முதல் 60-க்குள் வந்திருக்க வேண்டும். ட்ரெயின் பைப்பின் நுனியில் பக்கெட் வையுங்கள். புழுக்கமான நாளில் தொடர்ந்து ஓடும் ஏசி நன்றாகத் தண்ணீர் வடிக்கும், அடிக்கடி நிற்கும் ஏசியின் பக்கெட்டில் சொற்பமாகத்தான் சேரும். மூன்றாவது, கம்ப்ரஸரின் ஓட்டம். அவுட்டோர் யூனிட்டின் சத்தத்தைக் கேட்டு, கைபேசியில் நேரம் பாருங்கள். வெயில் நாள் மத்தியானத்தில் ஐந்து நிமிடம் ஓடி நின்று, மூன்று நான்கு நிமிடத்தில் திரும்பக் கிளம்புகிறது என்றால் டன் அதிகம்.

ஆனால் இங்கேயும் அறையை ஒருமுறை சந்தேகப்படுங்கள். கர்ட்டன் பெட்டியோ, லாஃப்டோ ஏசியின் முகத்துக்கு நேரே இருந்தால், குளிர்காற்று அதில் மோதித் திரும்பி மெஷினின் சென்சார் மீதே விழும். அறை இன்னும் சூடாக இருக்க, மெஷின் "ஆயிற்று" என்று நின்றுவிடும். ரிமோட்டிலேயே சென்சார் இருக்கும் மாடல்களில், ரிமோட்டை ஏசியின் நேர் கீழே மேஜையில் வைத்தாலும் இதேதான். வென்டிலேட்டர் திறந்திருந்தாலும் ஈரம் இறங்காது. பேப்பர் நாடா சோதனையை இங்கேயும் செய்யுங்கள்.

தாம்பரம் பக்கம் ஒரு வீட்டில், கீழ்த்தளம், பத்துக்குப் பதினொன்று படுக்கையறை. ஹாலில் இருந்த பழைய 2 டன் சாதா (இன்வெர்ட்டர் அல்லாத) ஏசியை வீணாக்க மனமில்லாமல் அங்கே மாட்டியிருந்தார்கள். அறை ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. பீரோவின் பின்பக்கச் சுவரில் கரும்புள்ளியாகப் பூஞ்சை. மகளுக்கு மூக்கடைப்பு தீரவே இல்லை என்றார் அந்த அம்மா. 1 டன் இன்வெர்ட்டர் மாட்டிய பிறகு 26 வைத்தும் அறை உலர்ந்து இதமாக இருந்தது. மூக்கடைப்புக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சுவரில் பூஞ்சை மறுபடி வரவில்லை என்பதை மட்டும் என் கண்ணால் பார்த்தேன்.

உடனே மெஷினை மாற்ற முடியாதவர்களுக்கு: ஃபேனை ஹையிலிருந்து லோவுக்கு இறக்குங்கள். காற்று காயிலை மெதுவாகக் கடந்தால் அதிக ஈரம் விழும். ட்ரை மோடில் ஓட்டிப் பாருங்கள். இன்வெர்ட்டராக இருந்து சதவீத மோடு இருந்தால் 60-இல் வையுங்கள்; முதல் பகுதியில் தொந்தரவாக இருந்த அதே வசதி இங்கே கைகொடுக்கும். இன்வெர்ட்டருக்கும் ஒரு தாழ்ந்தபட்ச வேகம் உண்டு, அதற்குக் கீழே அதுவும் நின்று நின்றுதான் ஓடும். "இன்வெர்ட்டர்தானே, எவ்வளவு பெரிசு வேணாலும் போடலாம்" என்று சொல்பவர்கள் இதை மறைக்கிறார்கள்.

"ஏசி பக்கம் நடுக்கம், சோபா பக்கம் வேர்வை"

ஹாலும் டைனிங்கும் சேர்ந்த 'ட' வடிவ அறைகளில் வரும் புகார். இதற்கும் டன்னுக்கும் தொடர்பு குறைவு. காற்று போய்ச் சேரவில்லை. சீலிங் ஃபேனை மெதுவாகச் சுழலவிட்டு ஒருநாள் பாருங்கள், பல வீடுகளில் அதுவே போதும். போதாவிட்டால் ஒரு 2 டன்னுக்குப் பதில் இரு மூலையில் இரண்டு 1 டன் நல்லது. இருவர் மட்டும் டிவி பார்க்கும்போது ஒன்றை அணைத்துவிடலாம்.

சமையலறை ஹாலோடு திறந்திருந்தால் கணக்கே வேறு. பெரிய பர்னர் ஒன்று முழுத் தீயில் ஏறக்குறைய 2,000 வாட் சூடு விடும், அதுவே அரை டன்னுக்கு மேல். சிம்னியைப் போட்டால் அது ஹாலின் குளிர்காற்றையும் சேர்த்து உறிஞ்சி வெளியே தள்ளும். சமைக்கும் நேரத்துக்கு ஈடுகொடுக்கும் ஏசியைத் தேடி வாங்காதீர்கள். நாள் முழுக்க மீதி நேரத்தில் அது அதிகமாகிவிடும். நடுவில் ஒரு ஸ்லைடிங் கதவு போடுங்கள். டூப்ளெக்ஸ் வீட்டில் மேல்மாடி ஹால் குளிராததும் இதே ரகம்தான்: குளிர்காற்று கனமானது, திறந்த படிக்கட்டு வழியே கீழே இறங்கிப் போய்விடுகிறது.

"கரன்ட் பில் எகிறிடுச்சு"

ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. 800 என்று போட்டிருந்தால் மணிக்குச் சராசரி அரை யூனிட். தினம் எட்டு மணி நேரம், இரண்டு மாத பில்லுக்கு 480 மணி, ஆக 240 யூனிட். உங்கள் பில்லில் ஏசிக்கு முந்தைய மாதங்களைவிட ஏறியது இதை ஒட்டி இருந்தால் ஏசி மீது குற்றமில்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். யூனிட் கொஞ்சம் ஏறியதற்குத் தொகை நிறைய ஏறியதாகத் தெரிவது இதனால்தான்.

கணக்கைவிட இரண்டு மடங்கு ஓடியிருந்தால் டன் போதாமல் மெஷின் முழுத் திறனில் மூச்சுவாங்கிக்கொண்டிருக்கலாம். முதல் பகுதிக்குத் திரும்புங்கள். 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கையும் பில்லில் சேர்கிறது. சாதா ஏசியில் 18 வைத்தாலும் 24 வைத்தாலும் குளிரும் வேகம் ஒன்றுதான், நிற்கும் இடம்தான் வேறு. 2020 முதல் இந்தியாவில் ஸ்டார் லேபிள் ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைத்து வருவது இந்தப் பழக்கத்துக்காகத்தான்.

"காயில்ல ஐஸ் பிடிக்குது"

டன் பிரச்சினை இல்லை. அழுக்கு ஃபில்டர், ஓடாத ப்ளோயர், அல்லது கேஸ் குறைவு. அணைத்துவிட்டு ஃபேன் மட்டும் ஓட்டி ஐஸ் கரைந்த பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கத்தி, ஸ்பேனர் கொண்டு சுரண்டினால் காயிலில் ஓட்டை விழும்.

"சரி, மாத்தித்தான் ஆகணும். எத்தனை டன்?"

பேப்பர், பேனா எடுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறை, மொட்டை மாடிக்குக் கீழே, மேற்கில் நாலுக்கு நாலு ஜன்னல், உள்ளே கனமான திரை, இருவர் படுக்கிறார்கள். கூரை 800 வாட். திரை போட்ட ஜன்னல் 450. சுவர்கள் எல்லாம் சேர்ந்து 400. ஆட்கள் இருவர், தலைக்கு 115 வீதம் 230. ஃபேன், லைட், டிவி 150. சந்து வழியாக வரும் காற்று 400. கூட்டினால் சுமார் 2,430 வாட். லேபிளில் 3,400 வாட் போட்ட 1 டன் ஏசி, மே மாத வெயிலில் திறன் இறங்கிய பிறகும் இதைத் தாங்கும்.

அதே அறை, மேலே வீடு இருந்தால் கூரையின் 800 கழிந்து 1,600 ஆகிவிடும். அங்கே 0.8 டன் போதும், 1.5 டன் போட்டால் பிசுபிசுப்புப் புகார் வந்து நிற்கும். மொட்டை மாடிக்குக் கீழுள்ள அதே அறையில் திரை இல்லாமல், வென்டிலேட்டர் திறந்து, நான்கு பேர் படுத்தால் 3,400-ஐத் தொடும். 1 டன் திணறும். பரப்பளவு மூன்று இடத்திலும் அதே 120 சதுர அடி. எல்லா எண்ணும் ஒரே நேரத்தில் உச்சம் தொடாது என்பதால் இந்தக் கூட்டல் கொஞ்சம் தாராளமானதுதான், அதற்கு மேல் "சேஃப்டிக்கு" என்று இன்னொரு அரை டன் சேர்க்க வேண்டாம்.

கூட்டல் 2,800-க்குள் வந்தால் 1 டன், 4,200-க்குள் வந்தால் 1.5 டன் என்று நான் எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டுக்கும் நடுவே விளிம்பில் நின்றால், கோயம்புத்தூர் போல மிதமான ஊரில் சின்னதும், வேலூர் போல வறண்ட அனல் ஊரில் பெரியதும், சென்னையில் முதலில் கூரைக்கு வெள்ளை அடித்துவிட்டுச் சின்னதும் எடுப்பேன்.

கடையில் பெட்டியின் மேல் போட்ட டன்னை நம்பாமல் லேபிளில் உள்ள வாட்டைப் படியுங்கள். 1.5 டன் என்றே விற்கும் இரண்டு மாடலில் ஒன்று 4,700-ஐ ஒட்டியும் இன்னொன்று 5,200-ஐ ஒட்டியும் இருக்கும். இன்வெர்ட்டர் என்றால் தாழ்ந்தபட்சத் திறன் எத்தனை வாட் என்று விவரத்தாளில் பார்த்து வாங்குங்கள். மாட்டும் நாளில் கூடவே இருங்கள். பெட்டியோடு வரும் 3 மீட்டர் காப்பர் பைப் போதாமல் நீளம் கூட்டினால், கூட்டிய நீளத்துக்கு மாடலின் கையேடு சொல்லும் கூடுதல் கேஸ் ஏற்றினார்களா என்று கேளுங்கள். பைப்பில் வேக்கம் பம்ப் போட்டு காற்றை எடுக்காமல், கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளி முடிப்பவர் வந்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்; உள்ளே தங்கும் காற்றும் ஈரமும் முதல் நாளிலிருந்தே திறனைத் தின்னும். மாட்டி முடித்து அரை மணி நேரம் ஓடிய பிறகு, அவர் ஏணியை மடிப்பதற்கு முன், மேலே ஒருமுறை கீழே ஒருமுறை தெர்மாமீட்டரைப் பிடித்து, இரண்டு எண்ணையும் அன்றைய தேதியோடு வாரன்டி கார்டின் பின்னால் எழுதி வையுங்கள். அடுத்த கோடையில் "கேஸ் குறைஞ்சிருக்கு சார்" என்று யாராவது சொன்னால், அன்றைய எண்ணை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.